மூண்டு டபிள்யூ எதுக்கு? சில வெப் அட்ரஸுக்கு வேணும், சிலதுக்கு வேணாம், ஏன் அப்பிடி?

போன மாசம் கல்லடியில மாமி வீட்ட போயிருந்தன். மச்சாள் ஒரு கோர்ஸுக்கு ஒன்லைன்ல அப்ளிகேசன் போடணும், கடைசித் திகதியும் அண்டைக்குத்தான், கையில பேப்பர் கட்டிங் இருக்கு, அதுல வெப் அட்ரஸும் அச்சடிச்சுக் கிடக்கு. போன்ல அடிச்சா அப்பிடியொரு சைட்டே இல்ல எண்டு வருது. ரெண்டு தரம், மூண்டு தரம், டேட்டாவை நிப்பாட்டிப் போட்டு, போனையே ஓஃப் பண்ணிப் போட்டு எல்லாம் பாத்தாச்சு. மாமி, "மனே, அவங்கட பக்கம் கரண்ட் போயிருக்குமோ?" எண்டு கேக்குறா. கடைசியில சந்தியில இருக்கிற கொமினிகேசன் கடைக்கு ஓடினம். அங்க நிண்ட பொடியன் அதே அட்ரஸுக்கு முன்னால மூண்டு டபிள்யூவும் ஒரு புள்ளியும் போட்டு அடிச்சான், டக்கெண்டு திறந்திட்டு.

வீட்ட வந்து தேத்தண்ணி குடிக்கக்குள்ள பட்டிமன்றம் தொடங்கிட்டு. மாமி சொன்னா, மூண்டு டபிள்யூ போடாட்டி இன்டர்நெட்டுக்குள்ள போகவே ஏலாதாம். மச்சாள் சொன்னாள், அது இருந்தாத்தான் சைட் சேப்பாம். அந்தக் கொமினிகேசன் பொடியன் சொன்னது, "அண்ணே, அது பழைய சைட்டுக்குத்தான், புதுசுக்கெல்லாம் தேவையில்ல" எண்டு. மூண்டும் பிழை. பொடியன் சொன்னதுல மட்டும் ஒரு கால்வாசி உண்மை இருக்கு, அதுக்கு மறுகா வாறன்.

இத நான் கனபேரிட்டக் கேட்டிருக்கன், கொம்பியூட்டர் படிச்ச ஆக்களும் சில நேரம் சும்மா ஏதோ சொல்லித் தப்பிடுறாங்க. அதால மாமிக்கு விளங்கப்படுத்தின மாதிரியே இஞ்சயும் எழுதுறன். ஒரு வசதிக்கு, அட்ரஸுக்கு முன்னால வாற அந்தத் துண்டை இந்தக் கட்டுரை முழுக்க "மூண்டு டபிள்யூ" எண்டே சொல்லுறன். வேர்ல்ட் வைட் வெப் எண்டதோட சுருக்கம்தான் அது, ஆனா சுருக்கத்தைச் சொல்ல எடுக்கிற நேரத்துல முழுப்பேரை ரெண்டு தரம் சொல்லிடலாம், உலகத்துல இப்பிடி ஒரு சுருக்கம் வேற இருக்குமோ தெரியா.

மட்டக்களப்புக்கு ஒரு டிக்கெட்

கல்முனையில பஸ் ஏறி "மட்டக்களப்பு ஒண்டு" எண்டு டிக்கெட் எடுக்கிறீங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, மட்டக்களப்பு எண்டா என்ன? வடக்க வாகரையில இருந்து தெக்க துறைநீலாவணை வரைக்கும் மாவட்டம் முழுக்க மட்டக்களப்புத்தான். பெரியநீலாவணை தாண்டி பெரியகல்லாத்துக்குள்ள பஸ் நுழைஞ்ச உடனேயே நீங்க மட்டக்களப்புக்கு வந்தாச்சு. ஆனா கண்டக்டர் "மட்டக்களப்பு வந்திட்டு, இறங்குங்க" எண்டு கல்லாத்துல இறக்கி விடமாட்டார். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி எல்லாம் தாண்டி, பாலமும் தாண்டி, டவுண் பஸ் ஸ்டாண்டிலதான் இறக்குவார். ஏன்? வெறுமனே மட்டக்களப்பு எண்டா பஸ் ஸ்டாண்ட் எண்டு எல்லாருமா ஒரு பழக்கத்துல முடிவெடுத்து வச்சிருக்கிறம். நீங்க "மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட்" எண்டு முழுசாச் சொன்னாலும் அங்கதான் போவீங்க, வெறும் மட்டக்களப்பு எண்டு சொன்னாலும் அங்கதான்.

வெப் அட்ரஸும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு கற்பனை அட்ரஸ் எடுப்பம்: தயிர்க்கடை.இலங்கை. (கடைசியில ".இலங்கை" எண்டு தமிழிலேயே முடியிற அட்ரஸ் உண்மையிலேயே இருக்கு, 2010ல இருந்து இருக்கு, ".எல்கே"யோட சேத்து நம்மட நாட்டுக்குரியது. பாவிக்கிற ஆக்கள் குறைவு, அது வேற கவலை.) இதுல "தயிர்க்கடை.இலங்கை" எண்டது முழு மாவட்டம் மாதிரி. "மூண்டு டபிள்யூ.தயிர்க்கடை.இலங்கை" எண்டது அதுக்குள்ள இருக்கிற ஒரு இடத்துட பேர், பஸ் ஸ்டாண்ட் மாதிரி.

இஞ்சதான் கவனிக்கணும். மனிசக் கண்டக்டருக்கு ஊர்ப் பழக்கம் தெரியும். கொம்பியூட்டருக்கு ஒண்டும் தெரியா. வெறும் பேரைச் சொன்னா எங்க கொண்டு போய் இறக்கணும் எண்டு அந்தப் பேரை வச்சிருக்கிறவர்தான் எழுதி வைக்கணும். அவர் எழுதி வைக்காட்டி, கொம்பியூட்டர் ஊகிச்செல்லாம் பாக்காது, "அப்பிடி ஒரு இடமே இல்ல" எண்டிடும். மச்சாளுக்கு நடந்தது அதுதான்.

இனிமேல் மூண்டு டபிள்யூ இல்லாம வாறதை "வெறும் பேர்" எண்டு சொல்லுறன். கேட்டுப் பழகின வேற சொல் "டொமைன்", ஒருத்தர் காசு கட்டிப் பதிஞ்சு எடுக்கிற பேர். டொமைனை எடுத்தவர் அதுக்கு முன்னால புள்ளி வச்சு எத்தினை பேரும் சேத்துக்கலாம், அதுக்குத் தனியாக் காசு கட்டத் தேவையில்ல. அப்பிடி முன்னால சேக்கிறதுக்குப் பேர் "சப்டொமைன்". மூண்டு டபிள்யூ எண்டதும் ஒரு சப்டொமைன்தான், அதுக்கு எந்த விசேசமும் இல்ல. "கடை", "முன்வாசல்", "மாட்டுப்பட்டி" எண்டு வச்சாலும் அதேதான். தமிழ் விக்கிப்பீடியாட அட்ரஸைப் பாருங்க, மூண்டு டபிள்யூ இருக்க வேண்டிய இடத்துல தமிழைக் குறிக்கிற "டிஏ" எண்ட ரெண்டு எழுத்து நிக்கும்.

இவ்வளவும் விளங்கினாப் போதும், பாதிக் கிணறு தாண்டியாச்சு: வெறும் பேர் ஒண்டு, மூண்டு டபிள்யூவோட வாற பேர் இன்னொண்டு, ரெண்டும் ரெண்டு வேற பேர். ரெண்டும் ஒரே இடத்துக்குப் போறது சொந்தக்காரர் செஞ்சு வச்ச ஏற்பாடு.

பேருக்குப் பின்னால ஒரு நம்பர்

போன்ல "மாமி" எண்டு அழுத்தினா கோல் போகுது. உண்மையில போனுக்கு மாமியத் தெரியா, நீங்க சேவ் பண்ணின நம்பரைத்தான் தெரியும். இன்டர்நெட்டிலயும் ஒவ்வொரு மிசினுக்கும் ஒரு நம்பர் இருக்கு, "ஐபி அட்ரஸ்" எண்டு சொல்லுறது, 203.0.113.25 மாதிரி நாலு துண்டா வரும். (இப்ப அது போதாமப் போய் இன்னும் நீளமான புது வகையும் வந்திருக்கு.) இத ஆராலயும் பாடமாக்கி வைக்க ஏலா, அதால பேர்.

அப்ப பேருக்கு எந்த நம்பர் எண்டு எழுதின கொப்பி எங்க இருக்கு? 1970களில, இன்டர்நெட் ஒரு சின்ன ஊர் மாதிரி இருக்கக்குள்ள, உண்மையிலேயே ஒரு கொப்பிதான் இருந்தது. அமெரிக்காவுல ஸ்டான்போர்ட் ரிசேர்ச் இன்ஸ்டிடியூட்டில ஒரு பைல்ல எல்லா மிசின்ட பேரும் நம்பரும் எழுதி வச்சிருந்தாங்க, எல்லாரும் அதைக் கொப்பி பண்ணி எடுக்கிறது. மிசின் கூடக் கூட அது சரிவரல்ல. 1983ல போல் மொக்காபெட்ரிஸ் எண்டவர் ஒரு புது ஏற்பாட்டை வடிவமைச்சார், அதுதான் இண்டை வரைக்கும் ஓடுது: "டிஎன்எஸ்". பேரைக் குடுத்தா நம்பரைச் சொல்லுற ஏற்பாடு.

அது எப்பிடி வேலை செய்யுது எண்டா, தபால் கந்தோர்ல கடிதம் பிரிக்கிற மாதிரி. வெளிநாட்டுல இருந்து வாற கடிதத்தில முதல்ல கடைசி வரியைத்தான் பாப்பாங்க, இலங்கை. மறுகா அதுக்கு மேல் வரி, மட்டக்களப்பு. மறுகா ஒழுங்கை. கடைசியா மேல இருக்கிற பேர். வெப் அட்ரஸையும் கொம்பியூட்டர் வலது பக்கத்தால இருந்துதான் வாசிக்கும். முதல்ல உலகத்துக்கே பொதுவா இருக்கிற தலைமைச் சேர்வருகளிட்ட (அதுகளுக்கு ஏ இல இருந்து எம் வரைக்கும் 13 பெயர் வச்சிருக்காங்க) ".இலங்கை ஆரிட்ட?" எண்டு கேக்கும். அவங்க சொல்லுற இடத்துல போய் "தயிர்க்கடை ஆரிட்ட?" எண்டு கேக்கும். அங்க சொல்லுற இடத்துல போய், அதாவது தயிர்க்கடைக்காரர் தன்ட பதிவுகளை எழுதி வச்சிருக்கிற சேர்வர்ல போய், "மூண்டு டபிள்யூ எங்க?" எண்டு கேக்கும். அந்தச் சேர்வர் எண்டது வேற ஒண்டும் இல்ல, கேட்டா பதில் சொல்லுறதுக்கெண்டே எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற கொம்பியூட்டர்.

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தப் பதிவில ஒரு வரியா இருக்கும். அந்த வரிக்கு "ரெக்கோட்" எண்டு பேர். மூண்டு டபிள்யூவுக்கு ஒரு ரெக்கோட், வெறும் பேருக்கு ஒரு ரெக்கோட். ஒண்டை எழுதி மற்றதை எழுதாம விட்டா, எழுதினது திறக்கும், எழுதாதது திறக்காது. அவ்வளவுதான் கதை, இதுல மந்திரம் ஒண்டும் இல்ல.

அப்ப இது எங்கயிருந்து வந்த பழக்கம்?

எங்கட பக்கத்துப் பழைய வளவுகளை நினைச்சுப் பாருங்க. பெரிய வீடு ஒரு பக்கம், குசினி தனியா ஒரு கொட்டில், நெல்லுப் போடுற இடம் தனிய, மாட்டுப்பட்டி தனிய. "குசினியில இருக்கா", "பட்டியில நிக்கார்" எண்டு சொன்னா வளவுக்குள்ள எங்க எண்டு விளங்கிடும். 80களில, 90களில ஒரு யூனிவர்சிட்டியிட கொம்பியூட்டர் ஏற்பாடும் அப்பிடித்தான். ஈமெயிலுக்கு ஒரு மிசின், அதுக்குப் பேர் "மெயில்". பைல் எடுக்கிறதுக்கு ஒரு மிசின், அதுக்குப் பேர் "எப்டிபி". மறுகா வெப் எண்டு ஒரு புதுச் சாமான் வந்திச்சு, அதுக்கும் ஒரு மிசினை ஒதுக்கி, பேர் வைக்கணுமே எண்டு மூண்டு டபிள்யூ எண்டு வச்சாங்க. வெப் அந்த நேரம் கனக்க வேலையில ஒரு வேலை, ஒரு கொட்டில். அந்தக் கொட்டில்தான் பிறகு முழு வளவையும் முழுங்கிட்டு.

இதுல எனக்குச் சோக்கான விசயம் என்னெண்டா, உலகத்திட முதல் வெப்சைட்டுக்கு மூண்டு டபிள்யூவே இல்ல. சுவிஸ் நாட்டு எல்லையில இருக்கிற செர்ன் ஆராய்ச்சி நிலையத்துல வேலை செஞ்ச டிம் பேர்னர்ஸ் லீ 1989ல வெப் எண்ட யோசனையை எழுதிக் குடுத்தார், 1990 கடைசியில முதல் சேர்வரை ஓட விட்டார், அதுட அட்ரஸ் "இன்போ.செர்ன்.சிஎச்". இன்போ எண்டு வச்சார், மூண்டு டபிள்யூ எண்டு வைக்கல்ல. கண்டுபிடிச்ச மனிசனே போடல்ல எண்டா, அது கட்டாயம் எண்டு சொல்லுறதுக்கு இடமே இல்லயே. பழக்கம் பரவினது வேற காரணத்துக்கு: ரேடியோவுல, போஸ்டர்ல, விசிட்டிங் காட்ல மூண்டு டபிள்யூவைக் கண்டா "ஓ, இது வெப் அட்ரஸ்" எண்டு ஆக்களுக்கு உடனே விளங்கினது. இண்டைக்கு ".கொம்" எண்டதைக் கண்டாலே விளங்கிடும், அதால கனபேர் விட்டுட்டாங்க. பொடியன் சொன்ன கால்வாசி உண்மை இதுதான். ஆனா பழசு புதுசு எண்டு அட்ரஸைப் பாத்துச் சொல்ல ஏலா, நேத்து செஞ்ச சைட்டும் மூண்டு டபிள்யூவோட ஓடும்.

இன்னொரு குழப்பத்தையும் இதிலேயே முடிச்சு விடுறன். அட்ரஸுக்கு முன்னால "எச்டிடிபிஎஸ்" எண்டு ரெண்டு சரிஞ்ச கோட்டோட வாறது வேற சாமான். அது எப்பிடிப் போறது எண்டதைச் சொல்லுது, பஸ்ஸில போறதா, மோட்டார்சைக்கிள்ல போறதா எண்டதுமாதிரி. மூண்டு டபிள்யூ எங்க போறது எண்டதைச் சொல்லுது.

திறக்காம விடுறதுக்கு எத்தினை வழி

ரெக்கோட் இல்லாதது முதல் வழி. பிரவுசர்ல "சைட்டைக் கண்டுபிடிக்க ஏலாது" எண்டு வரும், கீழ சின்ன எழுத்துல "என்எக்ஸ்டொமைன்" எண்டு முடியிற ஒரு சொல் கிடந்தா விசயம் உறுதி. அதுட கருத்து, அப்பிடி ஒரு பேர் இல்ல எண்டு.

ரெண்டாவது கொஞ்சம் விசித்திரமானது. ரெக்கோட் இருக்கு, நம்பரும் சரி, ஆனா வேற ஆரிட்டயோ சைட் திறக்கும், இல்லாட்டி கொஸ்டிங் கொம்பனியிட (சைட்டுக்குச் சேர்வர்ல இடம் வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள்) வெறும் பக்கம் ஒண்டு வரும். இது எப்பிடி எண்டா, சின்ன சைட்டுகள் கனக்க ஒரே மிசின்ல ஒரே நம்பர்ல இருக்கும், கல்முனை பசார்ல ஒரே கட்டடத்துக்குள்ள இருவது கடை இருக்கிற மாதிரி. கட்டட வாசலுக்கு வந்தாப் போதாது, எந்தக் கடை எண்டு பேர் சொல்லணும். பிரவுசர் அந்தப் பேரைத் தன்ட ஒவ்வொரு கேள்வியோடயும் சேத்து அனுப்பும், 1997ல வந்த விதிமுறையில அது கட்டாயமாச்சு. நீங்க வெறும் பேரோட வந்து நிக்கிறீங்க, வாசல்ல இருக்கிறவர்ட லிஸ்ட்ல மூண்டு டபிள்யூவோட உள்ள பேர் மட்டும்தான் இருக்கு எண்டா, அவர் முதல்ல இருக்கிற கடையைக் காட்டி விட்டிடுவார். அவர்ல பிழை இல்ல, லிஸ்ட்ல பிழை.

மூண்டாவதுதான் ஆக்களைப் பயப்படுத்துறது. சிவப்பா ஒரு அடையாளம், "உங்கட கனெக்சன் பிரைவேட் இல்ல", திருடர் பாத்துக்கொண்டிருக்கலாம் எண்ட மாதிரி ஒரு எச்சரிக்கை. எச்டிடிபிஎஸ்ல போகக்குள்ள சைட் தன்ட அடையாள அட்டையைக் காட்டணும், அதுக்குப் பேர் "சேட்டிபிகேட்". எங்கட ஊர் ஆக்களுக்கு ஐசி காட்டுறது எப்பிடி எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. அதுல இருக்கிற பேரும் நீங்க சொல்லுற பேரும் ஒரு எழுத்துப் பிசகினாலும் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே. பிரவுசரும் அந்த மாதிரி ஆள்தான். சேட்டிபிகேட்டில மூண்டு டபிள்யூவோட உள்ள பேர் மட்டும் இருந்து, நீங்க வெறும் பேரால போனா, "இது வேற ஆள்ட அட்டை" எண்டு மறிச்சுப் போடும். கடைக்காரர் நல்லவர்தான், அட்டையில ஒரு பேரைச் சேக்க மறந்திட்டார். நட்சத்திரக் குறி போட்டு எல்லா சப்டொமைனுக்கும் சேத்து ஒரே அட்டை எடுக்கிற முறையும் இருக்கு, ஆனா அந்த நட்சத்திரத்துக்குள்ள வெறும் பேர் அடங்காது, கனபேர் விழுற குழி அது.

ஆக, பேருக்கு ரெக்கோட் இருக்கணும், சேர்வர்ட லிஸ்ட்ல பேர் இருக்கணும், அட்டையில பேர் இருக்கணும். மூண்டும் ரெண்டு பேருக்கும் தனித்தனியா.

"ஆனா என்ட கொம்பியூட்டர்ல வெறும் பேரை அடிச்சாலும் வருதே, அவன்ட போன்லதானே வரல்ல" எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்காங்க. உங்கட பிரவுசர் நீங்க முந்திப் போன முழு அட்ரஸை ஞாபகம் வச்சு, ரெண்டு எழுத்து அடிக்கக்குள்ளயே மிச்சத்தைத் தானா நிரப்பி விடும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. சில பிரவுசர், வெறும் பேர் கிடைக்காட்டி மூண்டு டபிள்யூவைப் போட்டுத் தானே ஒருக்காத் தட்டிப் பாக்கும். உங்களுக்கு உதவி, அடுத்தவனுக்கு மண்டை இடி.

என்ட சொந்தக் கூத்து

நான் பெரிய விண்ணன் எண்டு நினைச்சிடாதீங்க. அஞ்சாறு வருசத்துக்கு முதல் சொந்தக்காரர் ஒருத்தருக்கு, அவர் கைத்தறிச் சாரி விக்கிறவர், ஒரு சின்ன சைட் செஞ்சு குடுத்தன். மூண்டு டபிள்யூவுக்கு மட்டும் ரெக்கோட் போட்டு, திறந்து பாத்து, சரி எண்டு விட்டுட்டன். அவர் விசிட்டிங் காட் அடிக்கக் குடுக்கக்குள்ள, அச்சகத்துல "மூண்டு டபிள்யூ போட்டா எழுத்துச் சின்னனாப் போகும், எடுத்து விடுவமா?" எண்டு கேட்டிருக்காங்க, அவரும் வடிவுக்குத்தானே எண்டு ஓம் எண்டிருக்கார். ஐநூறு காட். கோயில் திருவிழாவுல கனக்கக் குடுத்த பிறகுதான் ஆரோ ஒருத்தர் கோல் எடுத்து "உங்கட சைட் இல்லயே" எண்டிருக்கார்.

எனக்கு அந்த நேரம் வெக்கத்துல ஒண்டும் ஓடல்ல. மிச்சமிருந்த காட் எல்லாத்தையும் எடுத்து வச்சு, நானும் அவர்ட மகளுமா இருந்து நீலப் பேனையால ஒவ்வொண்டா மூண்டு டபிள்யூ எழுதினம். ஒரு நூறு காட் எழுதியிருப்பம். அந்தப் புள்ளதான் கேட்டது, "மாமா, காட்டை மாத்துறதுக்குப் பதிலா சைட்டை மாத்த ஏலாதா?" எண்டு. ஏலும். பத்து நிமிச வேலை. வெறும் பேருக்கும் ஒரு வரி எழுதினன், அடுத்த நாள் காலையில எல்லா இடத்துலயும் திறந்திச்சு. (உடனே எல்லாருக்கும் வராது, வழியில இருக்கிற சேர்வர்கள் பழைய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும்.) நூறு காட்ல பேனை எழுத்து மட்டும் மிச்சம்.

போட்டாத்தான் திறக்காத சைட்டுகள்

இது மறுவளம். "மூண்டு டபிள்யூ போட்டா எப்பிடியும் வரும்" எண்டு மாமி இப்ப எல்லாத்துக்கும் போடத் தொடங்கிட்டா. அதுவும் சரிவராது. முன்னாலயே ஒரு சப்டொமைன் இருக்கிற அட்ரஸ்களைப் பாருங்க, "ரிசல்ட்ஸ்.பள்ளிக்கூடம்.இலங்கை" எண்டு ஒண்டு இருக்கு எண்டு வைப்பம். அதுக்கு முன்னால மூண்டு டபிள்யூ போட்டா "பஸ் ஸ்டாண்டுக்குள்ள டிக்கெட் கவுண்டருக்குள்ள பஸ் ஸ்டாண்ட்" எண்டு கேக்குற மாதிரி. அப்பிடி ஒரு பேரை ஆரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க, எழுதி வச்சாலும் அந்த நட்சத்திர அட்டை ஒரு படிக்கு மேல செல்லாது. அதால, புள்ளிகள் கனக்க இருக்கிற அட்ரஸை அச்சடிச்ச மாதிரியே அடிக்கணும். கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம்.

பெரிய ஆக்கள் ஏன் இன்னும் வச்சிருக்காங்க

கூகுள், பேஸ்புக், யூடியூப் மூண்டுக்கும் வெறும் பேரை அடிச்சுப் பாருங்க, தானா மூண்டு டபிள்யூ உள்ள பேருக்குக் கொண்டு போய் விடும். கிட்ஹப் எண்ட புரோகிராம் எழுதுற ஆக்கள்ட சைட் இதுக்குத் தலைகீழ், மூண்டு டபிள்யூ போட்டா எடுத்து விட்டிடும். இப்பிடி ஒரு பேர்ல இருந்து மற்றப் பேருக்குத் திருப்பி விடுறதுக்குப் பேர் "ரீடிரெக்ட்". கடையை மாத்தின ஆள் பழைய கடைக் கதவில "நிரந்தரமா அடுத்த ஒழுங்கைக்கு மாறிட்டம்" எண்டு ஒட்டி வைக்கிற மாதிரி. அதுக்குக் கொம்பியூட்டர் பாசையில 301 எண்டு ஒரு நம்பர் இருக்கு.

வச்சிருக்கிறதுக்கு ஒரு உள்காரணமும் இருக்கு. ரெக்கோட்ல ஒரு வகை நேர நம்பரைச் சொல்லும். இன்னொரு வகை நம்பரைச் சொல்லாது, "எனக்குத் தெரியா, அந்தப் பேர்ல இருக்கிற ஆளிட்டக் கேளுங்க" எண்டு வேற பேரைக் காட்டி விடும், அதுக்குச் "சீநேம்" எண்டு சொல்லுறது. பெரிய சைட்டுகள் உலகம் முழுக்கச் சேர்வர் வச்சிருக்கிற வேற கொம்பனிகளிட்ட இந்த வேலையை ஒப்படைக்கக்குள்ள, நம்பர் அடிக்கடி மாறும், அதால சீநேம்தான் வசதி. ஆனா 1987ல எழுதின விதி ஒண்டு இருக்கு: சீநேம் இருக்கிற பேர்ல வேற எந்த ரெக்கோட்டும் இருக்கக் கூடாது. வெறும் பேருக்கு அது ஏலவே ஏலா, ஏனெண்டா இந்த டொமைன்ட பதிவு எந்தச் சேர்வர்ல கிடக்கு, ஈமெயில் எங்க போகணும் எண்ட காயிதம் எல்லாம் வெறும் பேர்லதான் கிடக்கு. வெறும் பேர் வீட்டுத் தலைவர் மாதிரி, வீட்டு உறுதியும் கையில, ஆளையும் வீட்ட இருந்து அனுப்ப ஏலா. சின்னம்மாட மகன் எண்டா எங்கயும் போகலாம். மூண்டு டபிள்யூதான் அந்தச் சின்னம்மாட மகன்.

இப்ப சில டிஎன்எஸ் கொம்பனிகள் இதுக்கும் ஒரு சுத்துமாத்து வழி வச்சிருக்கு, தாங்களே போய் நம்பரைக் கேட்டு வந்து நேர நம்பர் மாதிரிச் சொல்லி விடும். சின்ன சைட் வச்சிருக்கிற நமக்கு இது ரெண்டும் பெரிய பிரச்சினை இல்ல, ஏதோ ஒண்டு.

கண்ணுக்குத் தெரியாட்டி இல்ல எண்டு அர்த்தமில்ல

2018ல கூகுள் குரோம்ட 69ஆவது வேர்சன்ல மூண்டு டபிள்யூவை அட்ரஸ் பார்ல காட்டாம ஒளிச்சாங்க. கனபேர் கத்தினதால திருப்பிக் காட்டினாங்க, அடுத்த வருசம் மறுகாயும் ஒளிச்சிட்டாங்க. அதால நீங்க அதுல பாக்கிறது வெறும் பேர் எண்டு நினைச்சு, அதைப் பாத்து எழுதி அடுத்தவருக்குக் குடுத்தா அங்க திறக்காமப் போகலாம். கொம்பியூட்டர்ல எண்டா அட்ரஸ் பார்ல ரெண்டு தரம் கிளிக் பண்ணிப் பாருங்க, முழுசாத் தெரியும். அட்ரஸைக் கையால எழுதாம கொப்பி பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பினா இன்னும் நல்லம், ஒளிச்சு வச்சதும் சேந்து வரும். எனக்கு இந்த ஒளிச்சு விளையாட்டுப் பிடிக்கல்ல, ரெண்டு வேற பேரை ஒரே மாதிரிக் காட்டுறது ஆக்களுக்கு உதவி இல்ல.

மச்சாள்ட சேப் கதை

மூண்டு டபிள்யூ இருந்தாச் சேப் எண்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. கள்ளனும் டொமைன் வாங்கி, முன்னால மூண்டு டபிள்யூ போட்டு, அடையாள அட்டையும் சும்மா எடுத்து வச்சிருப்பான், இப்ப அது இலவசமாவே கிடைக்குது. அந்த அட்டை பேர் சரி எண்டு மட்டும்தான் சொல்லும், ஆள் நல்லவனா எண்டு சொல்லாது.

பாக்க வேண்டியது வலது பக்கத்தை. தபால்காரர் வாசிக்கிற மாதிரி. "மூண்டு டபிள்யூ.தயிர்க்கடை.இலங்கை.பரிசுமழை.கொம்" எண்டு ஒரு லிங்க் வந்தா, இடது பக்கத்தால வாசிக்கிற ஆள் "ஆ, தயிர்க்கடை" எண்டு உள்ள போயிடுவார். கொம்பியூட்டருக்கு அது பரிசுமழைக்காரன்ட வளவு, தயிர்க்கடை எண்டது அவன் தன்ட வளவுக்குள்ள ஒரு கொட்டிலுக்கு வச்ச பேர். பேங்க் மெசேஜ், பார்சல் மெசேஜ் எண்டு வாறதுல இந்தக் கூத்துத்தான் நடக்குது. எச்டிடிபிஎஸ்ஸோட வாற ரெண்டு கோட்டையும் விட்டுட்டு, அதுக்குப் பிறகு வாற முதலாவது சரிஞ்ச கோட்டுக்கு முன்னால, வலது பக்கக் கடைசியில என்ன நிக்குது எண்டு பாருங்க.

சொந்தச் சைட் வச்சிருக்கிற ஆக்கள் மட்டும் இதை வாசிச்சாப் போதும்

வெறும் பேருக்கும் மூண்டு டபிள்யூவோட வாற பேருக்கும் ரெக்கோட் போடுங்க. சேட்டிபிகேட்டில ரெண்டு பேரையும் சேருங்க. மறுகா ரெண்டுல ஒண்டைப் பிரதானம் எண்டு வச்சு, மற்றதுல இருந்து 301 போட்டுத் திருப்பி விடுங்க, இல்லாட்டித் தேடுற இயந்திரங்கள் ஒரே பக்கத்தை ரெண்டு சைட் எண்டு எண்ணவும் கூடும். எது பிரதானம் எண்டது உங்கட விருப்பம், எனக்கு வெறும் பேர்தான் விருப்பம், காட்ல இடம் மிச்சம். செஞ்சு முடிச்சு நாலு தரம் தட்டிப் பாருங்க: எச்டிடிபியோட (கடைசியில எஸ் இல்லாதது) வெறும் பேர், எச்டிடிபியோட மூண்டு டபிள்யூ, எச்டிடிபிஎஸ்ஸோட ரெண்டும். நீங்க முந்திப் பாவிச்ச பிரவுசர்ல பாக்காதீங்க, அது உங்களுக்கு வெள்ளை அடிச்சுக் காட்டும், அடுத்தவர்ட போன்ல பாருங்க. காட் அடிக்கக் குடுக்கிறது அதுக்குப் பிறகு.

மச்சாள் அப்ளிகேசன் போட்ட அந்தச் சைட்டை நேத்தும் தட்டிப் பாத்தன். வெறும் பேருக்கு இன்னும் ரெக்கோட் இல்ல. சைட்ல இருந்த ஈமெயிலுக்கு ரெண்டு வரி எழுதி அனுப்பியிருக்கன், மாமி கட்டிங்ல சிவப்புப் பேனையால மூண்டு டபிள்யூ எழுதி குளிர்சாதனப் பெட்டியில ஒட்டி வச்சிருக்கா.